வளவில் ஒரு பசுமைக்குடில்: அறுபதுக்குப் பின் தொடங்குவோருக்கு

மட்டக்களப்பில் பசுமைக்குடில் அமைப்பது செடிக்குச் சூடு கொடுப்பதற்காக அன்று. மாரி மழையையும் வெள்ளை ஈயையும் தடுப்பதற்காகவே. இதை உணராமல், ஓய்வுபெற்ற ஆண்டில் நுவரெலியாவிற் பார்த்த மூடிய கூடாரத்தைப் போலத் தாழ்ந்த கூரையுடன் ஒன்றைக் கட்டிய நான், வெப்பமான கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் தக்காளிப் பூக்கள் அத்தனையும் உதிர்ந்து கிடந்ததைக் கண்ட பின்னரே பாடம் கற்றேன். பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும்.

ஆகவே கூரையின் நடு உச்சி 14 அடிக்குக் குறையாமலும், வெப்பம் வெளியேறுவதற்கு உச்சியில் ஒரு திறந்த வாய் இருக்கும்படியும், நான்கு பக்கமும் பொலித்தீனுக்குப் பதிலாகப் பூச்சி வலை சுற்றியும் குடிலை அமைக்க வேண்டும். கூரைக்குப் புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரோன் பொலித்தீன் பொருத்தமானது. 30 அடி நீளமும் 16 அடி அகலமும் ஒரு குடும்பத்தின் கறிக்குப் போதும். பணிக்கொடைப் பணம் முழுவதையும் இதிற் போடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீரைப் பற்றித்தான் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலிலுள்ள கிணறுகள் பலவற்றில் கோடை முற்ற முற்ற நீர் உவர்த்துவிடுகிறது. இளம் நாற்றுக்கு அது ஆகாது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் நீர் என்பது கணக்கு. மேற்சொன்ன கூரை ஏறத்தாழ 44 சதுர மீற்றர் நிலத்தை மூடுவதால், 100 மில்லிமீற்றர் மழையில் 4,000 லீற்றருக்கு மேல் நீர் கிடைக்கும். பீலி வைத்து அதைத் தாங்கியிற் சேர்த்து, நுளம்பு பெருகாதவாறு வலையால் மூடி, கோடைக்கென ஒதுக்கி வைப்பது நல்லது. தாங்கியை நான்கடி உயரத்தில் நிறுத்தினால் மோட்டார் இல்லாமலே சொட்டுநீர்க் குழாய் இயங்கும்.

முழங்காலும் இடுப்பும் ஒத்துழைக்காத வயதில் குனிந்து களை பிடுங்குவது நடக்காத காரியம். சீமெந்துக் கல்லால் இரண்டரை அடி உயரப் பாத்தி கட்டி, அடியில் தேங்காய் மட்டையை அடுக்கி, மேல் ஓரடிக்கு மட்டும் மண், மாட்டெரு, கழுவிய தும்புச்சோறு ஆகியவற்றை நிரப்பினால் செலவு குறையும். அதிற் கீரையும் கொச்சியும் நாற்றும் வளரட்டும். கயிற்றிற் படரும் தக்காளியை அங்கே நட்டால் காய் பறிக்க ஏணி தேவைப்படும் என்பதால், அதற்குத் தரையில் வைத்த பைகளே சரி.

ஆவணியிற் கட்டுமானத்தை முடித்து, செப்டெம்பர் கடைசியில் நாற்று மேடை போட்டு, ஒக்டோபர் நடுவில் நட வேண்டும். வெளித் தோட்டங்கள் வெள்ளத்தில் அழுகி மரக்கறி விலை ஏறும் மார்கழி, தை மாதங்களில் உங்கள் தக்காளி பழுக்கும். இரவுக் குளிர்மையால் அப்போது காய்ப்பும் நன்றாக இருக்கும். வலைக்குள் காற்றோட்டம் குறைவு என்பதால் பூங்கொத்துகளைக் காலையில் மெல்லத் தட்டிவிடுவதும், தேனீ நுழைய முடியாததால் பாகலுக்கும் புடோலுக்கும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவிற் கையால் தொட்டுவிடுவதும் அவசியம். வாடல் நோயைத் தாங்கும் ‘திலின’ தக்காளி கலப்பினம் அல்லாததால், அடுத்த ஆண்டுக்கான விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் எழுந்தால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காணலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

1978 நவம்பர் 23 சூறாவளியை நேரிற் கண்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: புயல் எச்சரிக்கை வந்ததும் பொலித்தீனைக் கழற்றிச் சுருட்டிவிட வேண்டும். பயிர் சேதமானாலும் சட்டகம் தப்பும். ஆனால் அதை நீங்கள் கூரையில் ஏறிச் செய்யாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கச்சான் மாதங்களில் குடிலுக்குள் நண்பகலில் நிற்பது இரத்த அழுத்தம் உள்ளோருக்கு ஆபத்து. அக்காலத்திற் பாத்திகளை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற மெல்லிய பொலித்தீனால் இறுக மூடி, நான்கு முதல் ஆறு கிழமை விட்டுவிட்டால், வெயிலே வேர்ப்புழுவையும் களை விதைகளையும் பெருமளவு கொன்றுவிடும். உங்களுக்கும் அதுவரை ஓய்வு.