இலையின் அடிப்பக்கத்தில் காற்றின் கணக்கு

பருவநிலை மாற்றத்தைச் செடியில் பார்க்க வழி கேட்பவர்களிடம் நிறமற்ற நெயில் பாலிஷ் ஒரு புட்டி வாங்கிவரச் சொல்வேன். காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் பல மரங்கள் புதிய இலைகளில், வாயுவும் நீராவியும் போய்வரும் நுண்ணிய துளைகளைக் குறைத்துக்கொள்கின்றன. தேவையான வாயு சில துளைகளிலேயே கிடைத்துவிடும், நீரும் மிச்சம்.

வெயில்படும் கிளையிலிருந்து முற்றிய, மயிரில்லாத இலையைப் பறியுங்கள். அடிப்பக்கத்தைத் துடைத்து, நடுநரம்புக்கும் ஓரத்துக்கும் இடையே நக அளவு இடத்தில் பாலிஷை மெல்லியதாகப் பூசுங்கள். கால் மணி நேரம் காயட்டும். அவசரப்பட்டால் சவ்வு நூல்நூலாக இழுபடும். பிறகு செல்லோடேப்பை அழுத்தி, இலையின் அச்சு பதிந்த அந்தச் சவ்வை உரித்து ஸ்லைடில் ஒட்டுங்கள். நுண்ணோக்கியில் 400 மடங்கில், எதிரெதிரே வைத்த இரண்டு அவரை விதைகள் போலக் காப்புச் செல்கள் தெரியும். நடுவிலுள்ள இடுக்குதான் இலைத்துளை.

துளைகளை மட்டும் எண்ணி நிறுத்திவிடாதீர்கள். நிழலும் வறட்சியும் செல்களின் அளவை மாற்றுவதால் வெறும் அடர்த்தி ஏமாற்றும். சுற்றியுள்ள புறத்தோல் செல்களையும் எண்ணி, மொத்தத்தில் துளைகள் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அதுதான் இலைத்துளைக் குறியீடு. 20 துளைகளும் 80 செல்களும் இருந்தால் குறியீடு 20. நரம்பை விட்டு விலகி ஐந்தாறு இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

1987-இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் இயன் உட்வர்ட், 200 ஆண்டுகளில் சேகரிக்கப்பட்ட உலர் இலைகளை ஆராய்ந்தார். துளைகளின் அடர்த்தி சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு அதற்குள் 350-ஐ நெருங்கியிருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சில இனங்கள் இதற்கு அசைந்துகொடுப்பதே இல்லை. ஆகவே மாமரத்தோடு வேம்பை ஒப்பிட்டுப் பயனில்லை. ஓர் இனத்தை அதே இனத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இனி இதன் மறுபக்கம்: செடி பருவநிலையை மாற்றுவது. வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பங்கு இலைத்துளை வழியே ஆவியாகிறது. அதனால் இலையும் சுற்றியுள்ள காற்றும் குளிர்கின்றன, மேகத்துக்கும் ஈரம் சேர்கிறது. துளைகள் குறைந்தாலோ பாதி மூடிக்கொண்டாலோ அந்தக் குளிர்ச்சி குறைந்து நிலம் கூடுதலாகச் சூடேறும். இலைகள் அடர்ந்த சிறு கிளையைக் காலையில் பாலிதீன் பையால் மூடிக் கட்டுங்கள். மாலையில் பையில் தேங்கிய நீரை அளந்தால் மரம் விடும் ஆவியின் அளவு ஓரளவு பிடிபடும்.

பழைய உலர் மாதிரிகளில் பாலிஷ் பூசும் எண்ணமே வேண்டாம், அவை பாழாகும். உங்கள் ஸ்லைடுகளில் இனம், தேதி, வெயிலா நிழலா என்று அன்றே குறித்துவிடுங்கள். தேதியில்லாத ஸ்லைடை நான் கையில்கூட எடுப்பதில்லை.