நெல் மூடைக் கணக்கை முடிச்சில் போட்டு வைப்பது எப்படி

2009இல் இடம்பெயர்ந்தபோது ஐயாவின் வயல் கணக்குக் கொப்பி மழையில் ஊறிக் கூழாகிப் போனது. இருபது வருடக் காலபோக விளைச்சல் கணக்கு அதில் இருந்தது. அதனால்தானோ என்னவோ, தென்னமெரிக்காவின் இன்கா மக்களின் கிப்பு என்ற முடிச்சு நூல்களைப் பற்றிப் படித்ததும் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு பேரரசின் வரியையும் களஞ்சியத்தையும் நூல் முடிச்சிலேயே கணக்கு வைத்தவர்கள் அவர்கள். 1583இல் லிமாவில் கூடிய திருச்சபை மன்றம், பழைய வழிபாட்டோடு சேர்ந்த கிப்புக்களை அழிக்கச் சொன்னது. ஆனாலும் பெரு நாட்டின் துபிகோச்சா என்ற மலைக்கிராமத்தில் இன்றைக்கும் பழைய கிப்புக்களைக் காத்து வைத்து, ஊர்ப் பொறுப்பேற்பவர்களின் தோளில் அணிவிக்கிறார்கள்.

சரி, செய்யலாம். தடித்த பருத்தி நூல் எடுங்கள். வலை நூல் வழுக்கும், முடிச்சு நிற்காது. ஒரு முழ நூலைக் கிடையாகக் கட்டுங்கள், அதுதான் தாய் நூல். வயலுக்கு ஒன்றாக, ஒன்றரை முழ நூல்களை அதில் தொங்கவிடுங்கள். எங்களுக்கு மூன்று வயல்: 112, 104, 45 மூடை.

தாய் நூலுக்குக் கிட்ட நூறு, நடுவில் பத்து, நுனிப்பக்கம் ஒன்று. நூறுக்கும் பத்துக்கும் சாதாரண முடிச்சு, எத்தனையோ அத்தனை. ஒன்றின் இடத்தில் மட்டும் நீள முடிச்சு: வளையம் போட்டு, நுனியை அதற்குள் நாலு தரம் சுற்றி மெல்ல இழுத்தால் நாலு. அவசரப்பட்டு இழுத்தால் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், எச்சிலால் நனைத்து இழுங்கள். இந்த நீள முடிச்சைக் கண்டால் எண் அங்கே முடிகிறது என்று அர்த்தம். ஒரு சுற்று மட்டும் சுற்றினால் அது சாதாரண முடிச்சாகிவிடும் அல்லவா? அதனால் ஒன்றுக்கு மட்டும் எட்டு வடிவ முடிச்சு. பூச்சியத்துக்கு முடிச்சே இல்லை: 104இல் பத்தின் இடம் வெறுமையாக இருக்கும். எல்லா நூலிலும் இடங்கள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறுமை தெரியாது.

அப்புறம் எதிர்ப்பக்கமாக, மேல்நோக்கி ஒரு நூல். அதில் கூட்டுத்தொகை 261: இரண்டு, ஆறு, ஒரு எட்டு வடிவம். சில பழைய கிப்புக்களிலும் இப்படித்தான் மொத்தம் நிற்கிறது.

ஐயாவுக்கு இப்போது கண் மங்கல். இரண்டாவது நூலைக் கையில் கொடுத்தேன். விரலால் தடவிக்கொண்டே போனவர், வெறுமையில் கொஞ்சம் நின்று, "நூற்று நாலு. குளத்தடி வயல்" என்றார்.