ஆன்டிஜென் படத்தைக் குழப்பமில்லாமல் வரைய இரண்டு பேனா போதும்

குன்னூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். பலகையில் எம்.எச்.சி. (புரதத் துண்டைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் மூலக்கூறு) என்று எழுதினாலே பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். பெயர்களை அப்புறம் பார்க்கலாம். ஆன்டிஜென் என்பது நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள்; செல் அதைத் துண்டாக்கி, டி செல் என்ற வெள்ளணுவுக்குக் காட்டும் விதத்தைத்தான் வரையப்போகிறோம். வரையும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் புரதம் செல்லுக்குள்ளேயே தயாரானதா, வெளியிலிருந்து விழுங்கியதா?

உள்ளே தயாரானது என்றால் சிவப்புப் பேனா. வைரஸ் புகுந்த செல்லை வரையுங்கள். வைரஸ் புரதத்தை புரோட்டியசோம் துண்டாக்கும். டேப் என்ற கடத்தி அந்தத் துண்டுகளை எண்டோபிளாச வலைக்குள் அனுப்பும். அங்கே முதல் வகை எம்.எச்.சி. ஒரு துண்டை ஏந்திக்கொண்டு செல்லின் மேற்பரப்புக்கு வரும். அதைச் சரிபார்ப்பது சிடி8 கொல்லி டி செல். துண்டு அந்நியம் என்று தெரிந்தால் அந்தச் செல்லுக்கு ஆயுள் முடிந்தது.

விழுங்கியது என்றால் நீலப் பேனா. விழுங்குவது பெரும்பாலும் டென்ட்ரிட்டிக் செல், மேக்ரோஃபேஜ், பி செல் ஆகிய நோயெதிர்ப்பு செல்கள். விழுங்கியதை வைத்திருக்கும் பையான, அமிலம் நிறைந்த எண்டோசோமில் நொதிகள் புரதத்தை வெட்டும். இரண்டாம் வகை எம்.எச்.சி.யும் எண்டோபிளாச வலையில்தான் உருவாகிறது. பின்னே, அங்கேயிருக்கும் சிவப்புத் துண்டுகளை அது ஏன் பிடிப்பதில்லை? இதைக் கேட்கிற பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். மாறாச் சங்கிலி என்ற புரதம், துண்டு உட்கார வேண்டிய அதன் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எண்டோசோமுக்கு வந்ததும் சங்கிலி வெட்டுப்பட்டு, 'கிளிப்' என்ற சிறு துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். எச்.எல்.ஏ-டி.எம். என்ற உதவிப் புரதம் அதை வெளியேற்றிய பிறகே ஆன்டிஜென் துண்டுக்கு இடம் கிடைக்கும். இதைப் பார்ப்பது சிடி4 உதவி டி செல்.

பள்ளத்தையும் சரியாக வரையுங்கள். இரண்டாம் வகையின் பள்ளம் பிளந்த மூங்கில் மாதிரி இரு முனையும் திறந்தது. அதில் உட்காரும் துண்டு 13 முதல் 25 அமினோ அமிலம் வரை நீளும். முதல் வகையில் முனைகள் அடைபட்டிருப்பதால் 8 முதல் 10 வரைதான்.

இப்போது பயிற்சி. சிம்ஸ் பூங்கா பக்கம் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கிறதே, அது வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பேர்போனது. அந்த ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், செல்லுக்குள் பெருகாது. ஆகவே முக்கியமாக நீலம். டென்ட்ரிட்டிக் செல் அதை விழுங்கி, நிணநீர் முடிச்சுக்குப் போய், சிடி4 செல்லுக்குக் காட்டும். அந்த உதவியில்தான் பி செல்கள் நல்ல ஆன்டிபாடியைச் சுரக்கும். தோலில் டென்ட்ரிட்டிக் செல்கள் நிறைய. தோலுக்குள் போடும் முறையில் ஓரிடத்துக்கு 0.1 மில்லி போதுமாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்கள் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுங்கியதைச் சில டென்ட்ரிட்டிக் செல்கள் முதல் வகை எம்.எச்.சி.யிலும் ஏற்றிவிடும். அதற்கு நீலத்திலிருந்து சிவப்புக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டால் போதும்.