முதலில் நோட்டு, அப்புறம்தான் செயற்கை நுண்ணறிவு

என் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, யார் வந்தார், யார் வரவில்லை, எந்த நிரைக்கு யார் போனார், மாலையில் எத்தனை செம்பனைக் குலை சேர்ந்தது, எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். இந்த வாரம் ஏன் குலை குறைந்தது என்று யாராவது கேட்டால், வாயைத் திறப்பதற்கு முன் நோட்டைத் திறப்பார். தரவு அறிவியல் என்று இப்போது பயிலரங்குகளில் பெரிய திரை போட்டுக் காட்டுகிறார்களே, அதை நான் முதலில் பார்த்தது அந்த நோட்டில்தான்.

மலேசியாவில் எங்கள் ஊர்ப் பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். வகுப்பில் 18 பேர். பிரச்சனைக் கணக்கு, அதாவது வாக்கியமாக வரும் கணக்கு என்றாலே பாதி வகுப்பு கவிழ்ந்துவிடும். அதைச் சரிசெய்ய ஒரு தாள்விரிப்பையும் (ஸ்ப்ரெட்ஷீட்) சாட்ஜிபிடி போன்ற ஓர் உரையாடல் செயலியையும் எப்படிப் பயன்படுத்தினேன் என்று எழுதுகிறேன். கணிதம்தான் என்றில்லை, வேறு பாடம் எடுப்பவர்களும் இதே வழியில் போகலாம்.

செயலியைத் திறந்து "பின்னத்தில் பத்துக் கணக்கு கொடு" என்று கேட்டுவிடாதீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பத்துக் கணக்கு வந்தது, அச்செடுத்துக் கொடுத்தேன், தெரிந்த பிள்ளை போட்டது, தெரியாத பிள்ளை முழித்தது. எங்கே இடறுகிறார்கள் என்று எனக்கே தெரியாதபோது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

ஆகவே முதல் வேலை, ஒரு சோதனைத்தாளை எடுத்துக் கட்டம் போடுவது. பிள்ளைகள் கீழ்நோக்கி, கேள்விகள் குறுக்காக. என் தாளில் 10 கேள்வி, ஆக 180 கட்டம். சரியென்றால் 1. தவறென்றால் பூஜ்யம் போடக்கூடாது, என்ன வகைத் தவறு என்று ஓர் எழுத்துப் போட வேண்டும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1977-இல் கொடுத்த வழி. ஒரு பிரச்சனைக் கணக்கைப் போடும் பிள்ளை ஐந்து படி ஏற வேண்டும் என்றார் அவர்: கேள்வியைப் படிப்பது, அது என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வது, கூட்டலா கழித்தலா என்று முறையைத் தேர்ந்தெடுப்பது, கணக்கைப் போடுவது, விடையைச் சரியாக எழுதுவது. எந்தப் படியில் பிள்ளை வழுக்கியது என்பதுதான் கேள்வி. நான் ப, பு, மு, க, எ என்று வைத்துக்கொண்டேன்.

தாளைப் பார்த்தாலே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. சந்தேகமான இடத்தில் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கேள்வியைப் படி. என்ன கேட்கிறது? எப்படிச் செய்வாய்? செய்து காட்டு. விடையை எழுது" என்று வரிசையாகக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். ஓய்வுநேரத்தில் மூன்று நான்கு பேர் என்று ஒரு வாரம் ஓடியது எனக்கு. இந்த வேலையைச் செயலியிடம் ஒப்படைக்கலாமே என்று விடைத்தாளைப் படம் எடுத்தும் அனுப்பிப் பார்த்தேன். என் பிள்ளைகளின் கையெழுத்தை அது படித்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு நோட்டுக்கே திரும்பினேன்.

கட்டத்தைத் தாள்விரிப்பில் ஏற்றுங்கள். ஆசிரியர்களான நமக்குக் கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தளக் கணக்கு இருப்பதால் கூகுள் தாள்விரிப்புக்குக் காசு இல்லை. தமிழில் தட்டச்சு செய்ய நான் கைப்பேசியில் செல்லினம் என்ற செயலியை வைத்திருக்கிறேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. எண்ணுவதற்கு கவுண்டிஃப் (COUNTIF) என்ற சூத்திரம்: அடைப்புக்குள் முதலில் எந்தக் கட்டம் முதல் எந்தக் கட்டம் வரை, அப்புறம் காற்புள்ளி, அப்புறம் இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுத்து. 'பு' எத்தனை என்று அது சொல்லிவிடும். எழுத்துக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் அந்தக் கட்டத்தை அது எண்ணாது. ஆகவே எல்லா வகையையும் கூட்டி மொத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

எனக்கு வரவில்லை. 1 என்று 104 கட்டம். ப 5, பு 31, மு 11, க 13, எ 4. கூட்டினால் 168. 180-க்கு 12 குறைகிறது. இடைவெளிதான் காரணம் என்று தேடினேன், ஒன்றும் இல்லை. 12 கட்டம் வெறுமையாகவே இருந்தது. பிள்ளை எதுவும் எழுதாமல் விட்ட கேள்விகள், நானும் ஒன்றும் போடவில்லை. எந்தக் கட்டங்கள் என்று பார்த்தால் எல்லாம் 9-ஆம், 10-ஆம் கேள்வி. ஆறு பிள்ளைகள். ஆறு பேரும் ஒரே வேன். நான் சோதனை வைத்தது கடைசிப் பாடவேளையில். ஹாரன் கேட்டால் போதும், அந்த ஆறு பேரும் பையை மூட ஆரம்பித்துவிடுவார்கள். இத்தனை நாள் இவர்களுக்குக் 'கடினமான கேள்வி வராது' என்று குறிப்பு எழுதி வந்திருக்கிறேன்! வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை போடும்போதும் அதை மனத்தில் வைத்துத்தான் போட்டிருப்பேன். வெற்றுக் கட்டத்தைத் தவறு என்று சேர்த்துவிடாதீர்கள். அதற்கென்று ஒரு குறி வையுங்கள், ஏன் வெறுமை என்று கேளுங்கள். எந்தச் செயலிக்கும் அந்த வேன் தெரியாது.

இன்னொன்று, விழுக்காடு போடாதீர்கள். 18 பேரில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலே ஐந்தரை விழுக்காடு மாறிவிடும். தலையை எண்ணுங்கள், போதும்.

கட்டத்தை முதலில் மேலிருந்து கீழாகப் படியுங்கள், கேள்வி கேள்வியாக. ஒரே கேள்வியில் கூட்டம் கூட்டமாகத் தவறு இருந்தால் கோளாறு பிள்ளையிடம் இல்லை. என் 4-ஆம் கேள்வியில் மட்டும் 13 'பு'. கேள்வி இதுதான் (அணிச்சல் என்றால் கேக்): "அண்ணன் ஓர் அணிச்சலில் 3/8 பங்கைச் சாப்பிட்டான். எஞ்சிய பங்கில் பாதியைத் தங்கைக்குக் கொடுத்தான். தங்கைக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு?" விடை 5/16. பதின்மூன்று பேரும் 3/16 என்று எழுதியிருந்தார்கள். 3/8-இல் பாதியை ஒழுங்காகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எஞ்சியன்னா என்னப்பா?"

"மோட்டார் எஞ்சின் டீச்சர்."

சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. வீட்டில் மிச்சம் என்பார்கள், பாக்கி என்பார்கள். எஞ்சிய என்ற சொல்லை அவன் கணிதப் புத்தகத்தில் மட்டும்தான் சந்திக்கிறான். பின்னம் அவனுக்குத் தெரியும்.

இப்போதுதான் செயலியைத் திறக்க வேண்டும். இந்த இடத்தில் அது உண்மையிலேயே கெட்டிக்காரப் பிள்ளை. ஒரே சொல்லைப் பன்னிரண்டு சூழலில் வைத்துக் கணக்கு எழுத எனக்கு ஒரு மாலை போய்விடும், அது ஒரு நிமிடத்தில் தரும். ஆனால் தமிழில் கேட்டால் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழிலேயே பதில் சொல்கிறது. ரூபாய் வரும். 345,678 என்ற எண் 3,45,678 என்று காற்புள்ளி இடம் மாறி, மூன்று லட்சம் என்று வரும். நம் பிள்ளைகள் முந்நூற்று நாற்பத்து ஐந்தாயிரம் என்று படிப்பவர்கள். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் அனுப்பும் கட்டளை இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"நான் மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு கணித ஆசிரியை. பின்னத்தில் ஆறு பிரச்சனைக் கணக்கு எழுது. ஒவ்வொன்றும் மூன்று சிறு வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு கணக்கில் 'மிச்சம்', இரண்டில் 'மீதம்', இரண்டில் 'எஞ்சிய' என்ற சொல் வரட்டும். எண்கள் சின்னதாக இருக்கட்டும். பணம் ரிங்கிட், சென். மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி. லட்சம் என்று எழுதாதே. சூழல்: செம்பனைத் தோட்டம், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, இரவுச் சந்தை. விடை எழுதாதே."

விடை எழுதாதே என்பதற்குக் காரணம் உண்டு. விடை கண்ணில் பட்டால் நாம் கணக்கைப் போட்டுப் பார்க்க மாட்டோம், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவோம். நீங்கள் முதலில் போடுங்கள், அப்புறம் விடை கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு முறை நான் தவறு, பல முறை அது தவறு. இந்தச் செயலிகள் அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதும் மொழி மாதிரிகள். கணக்குப்பொறி இல்லை. அதனால்தான் எண்ணும் வேலையைத் தாள்விரிப்புக்குக் கொடுத்தேன், எழுதும் வேலையை இதற்குக் கொடுக்கிறேன். ல, ள, ழவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தமிழில் நீளமாகப் பேசினால் இலவச அளவு சீக்கிரம் தீர்ந்துபோவதையும் பார்ப்பீர்கள். இந்தச் செயலிகள் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன, ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் துண்டு அதிகம். அடியில் எழுத்தைச் சேமிக்கும் விதமும் அதற்கு ஒரு காரணம். வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், நம் 'கொ'-வுக்கு ஆறு. ஆகவே பேச்சை வளர்க்காமல் ஒரே கட்டளையில் கேட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகளின் பெயரைக் கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் ஓர் இரவு அவசரத்தில் நான் முழுப் பட்டியலையும் ஒட்டிவிட்டேன், பெயரோடு. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. உரையாடலை அழித்தேன், ஆனால் போனது போனதுதானே. இப்போது 1 முதல் 18 வரை வெறும் எண். அது வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணாகவும் இருக்கக்கூடாது, பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட் எண் பக்கமே போகக்கூடாது. எந்த எண் யார் என்பது என் மேசை இழுப்பறையில் ஒரு தாளில் மட்டும் இருக்கிறது.

பிள்ளைகள் கையிலும் செயலியைக் கொடுப்பதில்லை. சாட்ஜிபிடியின் விதிப்படியே 13 வயது ஆகியிருக்க வேண்டும், 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும். என் பிள்ளைகளுக்கு 11. ஆனால் அது எழுதியதைத் திரையில் காட்டி "இதில் என்ன கோளாறு?" என்று கேட்பதற்குத் தடை இல்லை. நான் எடுத்ததிலேயே உருப்படியான பாடம் அதுதான். ஒரு நாள் அது "ஒரு செம்பனைக் குலையின் எடை 500 கிராம்" என்று ஒரு கணக்கு எழுதியிருந்தது. வேண்டுமென்றே மாற்றாமல் காட்டினேன். பின்வரிசையில் எப்போதும் வாய் திறக்காத பிள்ளை, அப்பா குலை வெட்டுகிறவர், எழுந்து நின்றது.

"டீச்சர், 500 கிராம்னா அது குலை இல்ல, உதிரிப்பழம். குலை இருபது கிலோவுக்கு மேல வரும். எங்கப்பாக்கு முதுகு வலிக்குது."

அப்படியானால் கணக்கை நீயே திருத்து என்றேன். 12 குலை, ஒன்று 20 கிலோ, அதில் 1/4 பங்கை லாரியில் ஏற்றியாகிவிட்டது, எஞ்சிய எடை எவ்வளவு? 'எஞ்சிய' என்ற சொல்லை அதுவாகவே போட்டது. 180 கிலோ என்று வகுப்பே கத்தியது.

இரண்டு வாரம் கழித்து அதே சோதனையை எண்களை மட்டும் மாற்றி மறுபடி வையுங்கள், கட்டமும் அதே மாதிரி போடுங்கள். இந்த முறை இரண்டாம் பாடவேளையில் வைத்தேன். வெற்றுக் கட்டம் ஒன்றுகூட இல்லை. பு 31 இருந்தது 14 ஆனது. க மட்டும் 13 இருந்தது 16 ஆகிவிட்டது. முன்பு விட்டுப்போன கேள்விகளை இப்போது அந்த ஆறு பேரும் போட்டுப் பார்க்கிறார்கள், அதில் இடறுகிறார்கள். அடுத்த கட்டளை அதற்குத்தான். 11-ஆம் எண்ணுக்கு இன்னும் 'ப'. அவனுக்குக் கேள்வியையே எழுத்துக்கூட்டத்தான் வருகிறது. அவனுக்காகச் செயலியிடம் எதுவும் கேட்கவில்லை. செவ்வாயும் வியாழனும் பசியாறும் நேரத்தில் என் மேசையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கிறான்.