தமிழ் ஒலிக்கும் ஊரிலும் பழக வேண்டியவை உண்டு: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிறு நகரம் சுங்கை சிப்புட். உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை செய்யவும், கோயிலில் அர்ச்சகராகப் பணியாற்றவும், இங்குள்ள குடும்பங்களுக்கு மருமகளாகவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கோயில் ஒலிபெருக்கியிலும் சந்தைக் கடையிலும் பள்ளி வாசலிலும் தாய்மொழியே காதில் விழுவதால், இங்கே பழகிக்கொள்ள ஒன்றுமில்லை என்று அவர்களில் பலர் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பின்னால் வரும் மனவருத்தங்களில் பெரும்பகுதி அந்த முடிவிலிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து. ஜப்பானுக்குப் போகிறவர் எல்லாமே வேறாகத்தான் இருக்கும் என்று மனத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டு விமானம் ஏறுகிறார். இங்கு வருகிறவரோ அப்படி எதையும் எதிர்பார்க்காமல் வருவதால், சிறு வேறுபாடுகூட அவருக்கு அவமதிப்பாகவோ ஏமாற்றமாகவோ தோன்றுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். இங்குள்ள தமிழர்களில் மிகப் பலர் ரப்பர் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் வழியாக நடந்த ஆள்சேர்ப்பும் 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுக்கு வந்தது. அதன் பிறகு பிறந்த தலைமுறைகள் மலாய்க்காரரோடும் சீனரோடும் ஒரே சாலையில் வாழ்ந்து, தோட்டத்து லயங்களிலிருந்து நகரத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து, தங்களுக்கென ஒரு வாழ்க்கை முறையை வகுத்துக்கொண்டன. அது தமிழ்நாட்டு வாழ்க்கையின் மங்கிய நகலன்று. “உங்கள் தமிழ் கலப்படத் தமிழ்” என்று வந்த மாதத்திலேயே திருத்தத் தொடங்குகிறவர் அதோடு பாதி ஊரின் நட்பை இழந்துவிடுகிறார். தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றுவதற்காக மூன்று தலைமுறைகளாகக் கைக்காசு போட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார்.

மனத்தில் நடப்பது என்ன

புதிய பண்பாட்டுக்குள் நுழைகிறவருக்கு ஏற்படும் தடுமாற்றத்தை 1960இல் மானிடவியலாளர் கலேர்வோ ஓபெர்க் விளக்கி எழுதினார். தொடக்கத்தில் எல்லாம் இனிமையாக இருக்கும். அடுத்துச் சலிப்பும் சினமும் வரும். பிறகு மெல்ல மீட்சி ஏற்பட்டு, இறுதியில் இணக்கம் உண்டாகும் என்பது அவர் வகுத்த வரிசை. தடுமாற்றத்துக்கு அவர் கூறிய அறிகுறிகளை எங்கள் ஊரில் கண்கூடாகக் காணலாம்: குடிநீரையும் உணவையும் பற்றி அளவுக்கு மீறிய கவலை, சிறு தாமதத்துக்கும் பொங்கும் கோபம், எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்ற அச்சம், அந்நாட்டு மொழியைக் கற்க மறுக்கும் பிடிவாதம். இவை உங்களிடம் தென்பட்டால், உங்கள் குணம் கெட்டுவிட்டது என்றோ இந்த ஊர் கெட்டது என்றோ எண்ண வேண்டாம். இது பலரும் கடந்துபோகிற ஒரு கட்டம்.

இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1955இல், அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே நாட்டு அறிஞர்களைக் குறித்து ஸ்வெர்ரெ லீஸ்கார்ட் எழுதிய ஆய்வில், 6 மாதத்துக்குக் குறைவாகவும் 18 மாதத்துக்கு மேலாகவும் தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் சிரமப்பட்டதாகக் கண்டார். எல்லாருக்கும் இதே கணக்கு பொருந்துவதில்லை என்றும், சிலருக்குத் தொடக்க நாட்களே மிகக் கடினமானவை என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனவே மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, முதல் மகிழ்ச்சி வடிந்த பிறகு ஒரு தொய்வு வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அந்தக் காலத்தில் வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிவைப்பதே பயன் தரும்.

மலாய் மொழியிலிருந்து தொடங்குங்கள்

தமிழ் போதும் என்று நினைக்கிறவர் கடைத்தெருவில் பிழைத்துக்கொள்ளலாம். அரசு முகப்பிடத்தில் நின்றவுடன் அவர் ஊமையாகிவிடுகிறார். படிவங்கள் மலாயில்தான் இருக்கும். ஆகவே முதல் மாதத்திலேயே எண்களையும் நன்றி சொல்லும் ‘தெரிமா காசே’, மன்னிப்புக் கேட்கும் ‘மாஆஃப்’, உதவி கேட்கும் ‘தோலோங்’ ஆகிய சொற்களையும் பழகிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஆணை ‘என்சிக்’ என்றும் பெண்ணைப் ‘புவான்’ என்றும், அண்டை வீட்டில் உங்களைவிடச் சற்று மூத்தவரை ‘அபாங்’ அல்லது ‘காக்’ என்றும், வயதானவர்களைப் ‘பக்சிக்’, ‘மக்சிக்’ என்றும் அழையுங்கள். பெயர் சொல்லி அழைப்பதைவிட முறை வைத்து அழைப்பதை மலாய்க்காரரும் நம்மைப் போலவே விரும்புகிறார்கள்.

மருந்தகம் எனப்படும் அரசு கிளினிக்கை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எண் சீட்டை எடுத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். தாதி ஒரு பெயரைக் கூப்பிடுகிறார், யாரும் எழவில்லை, அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். கூப்பிடப்பட்டது உங்கள் தந்தையின் பெயர். உள்ளூர்த் தமிழர்களின் அடையாள அட்டையில் தம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே மகன் அல்லது மகள் என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்து இருக்கும். உங்கள் பாஸ்போர்ட்டில் அது இருக்காது என்பதால், இரண்டில் எது உங்கள் பெயர் என்பது அவருக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே இரண்டு பெயருக்கும் காது கொடுத்திருங்கள். பதியும்போதே உங்கள் பெயர் எது என்று சுட்டுவிரலால் காட்டாமல், இங்குள்ள வழக்கப்படி வலக்கைக் கட்டைவிரலால் சுட்டிச் சொல்லுங்கள். ‘சாக்கிட் அப்பா?’ என்று மருத்துவர் கேட்பார். காய்ச்சலுக்கு ‘டெமாம்’, இருமலுக்கு ‘பாத்தோக்’, தலைசுற்றலுக்குப் ‘பெனிங்’, வயிற்றுவலிக்கு ‘சாக்கிட் பெருட்’ என்ற நான்கையாவது கைப்பேசியில் எழுதி வைத்திருந்தால் அந்த அறைக்குள் நீங்கள் தலைநிமிர்ந்து உட்காரலாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்வாசிகளைவிடக் கூடுதல். அது எல்லா நாட்டவருக்கும் உள்ள விதி, உங்களைக் குறிவைத்ததன்று.

உணவும் உறக்கமும்

இந்தியாவைவிட மலேசியா இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே இரவு பதினொன்றரை என்றால் ஊரில் ஒன்பது மணிதான் ஆகியிருக்கும். அம்மா சாப்பாட்டை முடித்துவிட்டு அப்போதுதான் அழைப்பார். காலை உணவுக் கடையில் வேலை செய்கிறவர் விடியுமுன் எழ வேண்டும். இந்த அழைப்பு நாள்தோறும் நள்ளிரவு தாண்டி நீண்டால், சில வாரங்களில் உறக்கக் குறைவே மனச்சோர்வாக மாறிவிடுகிறது. வீட்டாரிடம் நேர வேறுபாட்டை விளக்கி, இங்கே இரவு ஒன்பது மணிக்குள் பேசி முடிக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பாசம் குறைந்துவிட்டதாக அவர்கள் முதலில் வருந்தக்கூடும். பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

உணவில் இரண்டு எச்சரிக்கைகள் போதும். சைவ உணவினர், குறிப்பாக அர்ச்சகர்கள், சம்பல் என்னும் மிளகாய்த் துவையலில் ‘பெலாச்சான்’ எனப்படும் இறால் விழுது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் உண்ணக் கூடாது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலியும் முட்டையும் வழக்கமாகவே வரும். அடுத்தது இனிப்பு. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் என்ற தேநீர் ஒரு நாளைக்கு நான்கைந்து குவளை உள்ளே போவது கடை வேலையில் தெரியாமலே நடக்கும். மலேசியாவில் நீரிழிவு மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே அதிகம் என்பதை நினைவில் வைத்து, பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேட்கப் பழகுங்கள்.

அண்டை வீட்டாரோடு

நோன்பு மாதத்தின் ஒரு மாலையில், பக்கத்து வீட்டு மக்சிக் மூடிய தட்டில் பலகாரம் கொண்டுவந்து நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கையால் வாங்குங்கள். தட்டை உடனே கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஓரிரு நாளில், வெறுந்தட்டாக இல்லாமல், பழமோ ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட்டோ வைத்துக் கொடுப்பது நல்லது. உங்கள் அடுக்களையில் சமைத்ததைக் கொடுக்க விரும்பினால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் நம் வீட்டுச் சைவப் பலகாரத்தை மகிழ்ச்சியோடு ஏற்பார்கள், சிலர் தவிர்ப்பார்கள், இரண்டையும் ஒரே முகத்தோடு ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும். மலாய்ப் பெண்கள் தாமாகக் கை நீட்டினால் மட்டும் ஆண்கள் கைகுலுக்க வேண்டும். இல்லையெனில் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தால் போதும். அந்த மாதத்தில் பகலில் நோன்பிருப்பவர் முன்னால் உண்பதைத் தவிர்த்துவிட்டு, மாலையில் திறக்கும் ரமலான் சந்தைக்கு நீங்களும் போய் வாருங்கள், அது எல்லாருக்குமானது.

தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இங்கே ‘திறந்த இல்ல உபசரிப்பு’ நடக்கும். அழைப்பு வந்தால் கூச்சப்படாமல் போங்கள். தனித்து வாழும் மருமகளுக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கணவர் வேலைக்குப் போனபின் நான்கு சுவருக்குள் கைப்பேசியோடு கழியும் பகல்கள் அவளை மெல்ல மெல்ல உருக்குலைக்கின்றன. மாமியாரோடு இரவுச் சந்தைக்குப் போவது, கோயில் திருவிழாவுக்கு முன் நடக்கும் கோத்தோங் ரோயோங் எனப்படும் கூட்டுப் பணியில் பாத்திரம் கழுவுவது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு சம்பல் செய்முறை கேட்பது ஆகியவை சிறு செயல்கள்தாம் என்றாலும், ‘இந்த வீட்டுக்கு வந்தவள்’ என்ற நிலையிலிருந்து ‘இந்தச் சாலையில் இருக்கிறவள்’ என்ற நிலைக்கு அவளைக் கொண்டுசெல்பவை அவையே.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பெர்ரி, குடிபெயர்ந்தோர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது என்றார்: என் பண்பாட்டைக் காத்துக்கொள்வதா, புதிய சமூகத்தோடு உறவாடுவதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்கிறவர் இணைந்து வாழ்கிறார். முதலாவதைக் கைவிட்டவர் கரைந்துபோகிறார். இரண்டாவதை மறுத்தவர் ஒதுங்குகிறார். இரண்டையும் இழந்தவர் எங்கும் ஒட்டாமல் நிற்கிறார். 13 நாடுகளில் குடிபெயர்ந்த குடும்பத்து இளையரை ஆராய்ந்து அவரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட முடிவுகளிலும் இரண்டையும் பற்றியவர்களே மேலான நிலையில் இருந்தார்கள். எங்கள் ஊரில் ஒதுங்குதலே அதிகம் நடக்கிறது. கடை மாடியில் ஒரே மாவட்டத்து ஆட்கள் சேர்ந்து தங்கி, விடுமுறை நாளையும் அந்த அறையிலேயே கழிக்கிறார்கள். அந்த அறை முதல் மாதங்களில் பெரிய ஆறுதல். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. விடுமுறையில் பாதி நாளையாவது வெளியில் செலவிடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இணைந்து வாழ்வது வருகிறவர் மட்டும் செய்யக்கூடியதன்று; ஏற்கிறவர்களும் கதவைத் திறக்க வேண்டும் என்பதைப் பெர்ரியே வலியுறுத்துகிறார். இதை வாசிக்கும் உள்ளூர்த் தமிழர்களே, ‘ஊர்க்காரர்கள்’ என்று ஒரே சொல்லில் அவர்களைத் தள்ளிவைக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்கியபோது இருந்த நிலையில்தான் அவர்கள் இன்று இருக்கிறார்கள். படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கிறவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலாளியாக இருப்பவர்கள், பணியாளரின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்பதை அறிந்து நடக்க வேண்டும். தன் பாஸ்போர்ட் தன் கையில் இல்லாத மனிதருக்கு எந்த ஊரும் பழகாது. அவ்வாறு பிடித்துவைக்கப்பட்டவர் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தை நாடலாம். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் 15999 என்ற ‘தாலியான் காசே’ உதவி எண்ணை அழைக்கலாம்.

பிள்ளைகளும், ஊர் திரும்புதலும்

பிள்ளைகள் மலாயைப் பெற்றோரைவிட வெகு விரைவில் பிடித்துக்கொள்வார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தாலும் இடைநிலைப்பள்ளி மலாயில்தான் நடக்கும் என்பதால் அது தேவையும்கூட. ஆயினும் பத்து வயதுப் பிள்ளையை மருத்துவரிடமும் குடிநுழைவு அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். தாயின் நோயையும் தந்தையின் கடனையும் பிள்ளையின் வாயால் சொல்லவைக்கும்போது, வீட்டில் பெரியவர் யார் என்பதே குழம்பிவிடுகிறது. ஒரு வளர்ந்த உறவினரையோ நண்பரையோ அழைத்துச் செல்லுங்கள். அதைவிட மேல், நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

தாயகம் திரும்பும்போதும் இதே தடுமாற்றம் மீண்டும் வரும் என்று ஆய்வாளர்களான கல்லாஹார்ன் இணையர் 1963இல் எழுதினார்கள். ஊருக்குப் போனவுடன் சாலையின் இரைச்சலும் வரிசையில் நில்லாத கூட்டமும் உங்களை எரிச்சலூட்டும். “மலேசியாவில் இப்படி இல்லை” என்று நாளுக்குப் பத்து முறை சொல்லத் தோன்றும். கேட்கிறவர்கள் அதைச் செருக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கு வந்தபோது செய்ததையே அங்கும் செய்யுங்கள்: முதல் சில வாரங்கள் ஒப்பிடாமல் கவனியுங்கள், நிலம் வாங்குவதையும் தொழில் தொடங்குவதையும் தள்ளிவையுங்கள், சுங்கை சிப்புட்டில் உங்களோடு இருந்து முன்பே திரும்பிய ஒருவரின் எண்ணைக் கைவசம் வைத்திருந்து அவரோடு பேசுங்கள்.