எல்லாவற்றுக்கும் ஒரு கேஸ் மாத்திரையா?

எங்கள் வீட்டில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை அட்டை ஒன்று கிடக்கும். டாக்டர் ஒரு மாதத்துக்குத்தான் எழுதிக் கொடுத்தார், அம்மா நாலு வருஷம் போட்டார், ஏனென்றால் மெடிக்கலில் கேட்டால் சீட்டு இல்லாமலே பத்து மாத்திரை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். வயிறு விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான் என்பேன். சாப்பாட்டோடு உள்ளே போகும் கிருமிகளைக் கொல்வதும், உணவிலிருந்து பி12 சத்தைப் பிரித்தெடுக்க உதவுவதும் நாம் திட்டுகிற அந்த அமிலம்தான். வருஷக்கணக்கில் அதை அடக்கி வைத்தால் பி12 குறையலாம், குடல் தொற்றும் சுலபமாக வரலாம். அதற்காக இன்றைக்கே அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பி வரும். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை தினமும் போடுகிற சிலருக்கு இது தேவையும்கூட, அதனால் டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

எரிச்சல் விடவே இல்லையா? காரணத்தைத் தேடுங்கள். காரத்தாலும் கவலையாலும்தான் அல்சர் வருகிறது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியைத் தானே குடித்து, இரைப்பையில் அழற்சி வருவதைக் காட்டினார். 2005இல் அவருக்கும், அவரோடு அந்தக் கிருமியைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்கும் சேர்த்து முழு கோர்ஸ் முடிக்க வேண்டும், கேஸ் மாத்திரை மட்டும் போதாது.

ஆனால் சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வேறு கதை. சளி வைரஸை அது தொடாது, குடலில் நமக்காக உழைக்கும் பாக்டீரியாவைத்தான் அழிக்கும், வயிற்றுப்போக்கில் போய் முடியலாம்.

அப்புறம் பழைய சோறு. நல்லதுதான், ஆனால் புளித்ததைச் சூடாக்கினால் அதில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும். தண்ணீர் ஊற்றாமல் ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோற்றைக் காலையில் தாளித்துச் சாப்பிடுவது இன்னும் மோசம். அதில் வளரும் ஒரு வகைக் கிருமி விடுகிற நச்சு, சூடாக்கினாலும் போகாது.

கடைசியாக ஒன்று, இதை வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். நெஞ்சை அழுத்துகிற வலி, குப்பென்று வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி என்றால் கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, முதலில் ஈசிஜி எடுங்கள்.