பிரிட்டனில் கார் வாங்குமுன் இடது முட்டியைக் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் இருந்து லெஸ்டருக்கோ மான்செஸ்டருக்கோ கிளம்புகிற பிள்ளைகள் விசா கைக்கு வந்ததும் கேட்பது, "அண்ணாச்சி, அங்க என்ன கார் வாங்கலாம்?" கூடவே மைலேஜ் எவ்வளவு, திரும்ப விற்றால் என்ன விலை போகும் என்பதும். அங்கே பல வருடம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் நான் பதிலுக்குக் கேட்பது வேறு: முட்டி எப்படி இருக்கு, முதுகு வலி உண்டா, சர்க்கரைக்கு ஊசி போடுகிறாயா, ராத்திரி எதிர் வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுதா?

சட்ட விஷயங்களை வேகமாக முடித்துவிடுவோம். அங்கே குடியேறிய நாளில் இருந்து 12 மாதம் நம்ம லைசென்ஸில் ஓட்டலாம். நடுவில் லீவுக்கு ஊருக்கு வந்து போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது. இதை நம்பிக் கெட்டவர்கள் உண்டு. அதற்குள் புரொவிஷனல் (நம்ம எல்எல்ஆர் மாதிரி), தியரி (50 கேள்வியில் 43 சரியாக வேண்டும்), பிராக்டிகல் என்று முடிக்க வேண்டும். 20 மீட்டரில் நம்பர் பிளேட்டைப் படிக்கத் தெரியாவிட்டால் டெஸ்ட் அங்கேயே முடிந்தது. தொடர்ந்து இன்சுலின் போடுபவர்கள் லைசென்ஸ் கொடுக்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம் 1000 பவுண்டு வரை போகும். பழைய வண்டி வாங்கினால் விற்றவர் கட்டிய ரோடு டாக்ஸ் உங்களுக்கு வராது, புதிதாகக் கட்ட வேண்டும். சரி, இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

யாரும் சொல்லாததைச் சேரன்மகாதேவிக்காரத் தம்பி ஒருவன் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டான். காலேஜ் நாளில் பைக்கில் விழுந்து இடது முட்டியில் ஜவ்வு கிழிந்தவன். ஊரில் அப்பாவின் காரை எப்போதாவது பாபநாசத்துக்கு எடுத்துப் போனதோடு சரி, முட்டி ஒன்றும் சொல்லவில்லை. அங்கே போனதும் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கியர் வண்டியை, அதாவது கையால் கியர் மாற்றுகிற காரை, வாங்கினான். ஆபீஸ் போகிற நேரத்து டிராஃபிக்கில் நகர்ந்து நகர்ந்து, கிளட்சை மிதித்து விட்டு, மிதித்து விட்டு, குளிர்காலம் முடிவதற்குள் முட்டி வீங்கிவிட்டது. எந்த நாட்டுக்குப் போனாலும் கிளட்ச் இடது காலுக்குத்தான். பிசியோதெரபிஸ்ட் கிளட்ச் வேண்டாம் என்றுவிட்டார். 12 மாதமும் முடிந்துவிட்டது. கிளட்ச் மிதியே இல்லாத ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தான், பாஸ். போன் போட்டு ஒரே சந்தோஷம். வண்டியை மெதுவாக விற்றுக்கொள்ளலாம், அதுவரை ஓட்டுவோம் என்று மறுநாள் காலை அதே கியர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

பொறி இங்கேதான். நம்மூரில் எல்எம்வி (கார்) லைசென்ஸ் இருந்தால் இரண்டையும் ஓட்டலாம். அங்கே ஆட்டோமேட்டிக்கில் பாஸ் செய்தவருக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான். லைசென்ஸின் பின்புறம் 78 என்று ஒரு சின்ன எண் இருக்கும், அவ்வளவே அடையாளம். கியர் வண்டியைத் தொட வேண்டுமென்றால் எல் போர்டு மாட்டி, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவரை உட்காரவைத்து, கற்றுக்கொள்பவர் மாதிரிதான் ஓட்டலாம். தனியாகப் போய் மாட்டினால் இன்சூரன்ஸும் செல்லாமல் போகலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் லைசென்ஸில் 6 தண்டனைப் பாயிண்ட் ஏறும். டெஸ்ட் பாஸ் செய்த முதல் 2 வருடத்தில் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும், மறுபடி புரொவிஷனலில் இருந்து. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது. நல்ல வேளை, மாட்டவில்லை. அவசரத்தில் விற்கப் போனால் கார் வியாபாரி முகத்தைப் பார்த்தே விலை சொன்னான். கால்வாசிப் பணம் போச்சு. நம்ம வண்ணார்பேட்டை புரோக்கர் என்றால் ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருப்பார். இத்தனை வாரம் காசு வாங்கிச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

அதனால் முதலில் உடம்பு, அப்புறம் எந்த டெஸ்ட், அதற்கப்புறம்தான் வண்டி. கால் நன்றாக இருந்தால் கியர் டெஸ்டே கொடுங்கள், இரண்டும் ஓட்டலாம். முட்டியோ இடுப்போ தகராறு என்றால் முதல் நாளில் இருந்தே ஆட்டோமேட்டிக். அதிலும் எல்லாம் ஒன்றில்லை. பழைய சின்னக் கார்கள் சிலவற்றில் கிளட்சை மிஷின் மிதிக்கும். ஊர்ந்து போகையில் வண்டி குலுங்கும், கழுத்து வலிக்காரர்களுக்கு ஆகாது. மேட்டிலும் நெரிசலிலும் ஓட்டிப் பாருங்கள். டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட், ஹோண்டா ஜாஸ் ஹைப்ரிட் இரண்டும் வழுக்கிக்கொண்டு போகும். எலெக்ட்ரிக் கார் எல்லாமே ஆட்டோமேட்டிக்தான். மணிக்கட்டு, தோள் வலி உள்ளவர்கள் பட்டனில் இயங்கும் ஹேண்ட்பிரேக் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

சீட் உயரத்தை மறந்துவிடாதீர்கள். டிசம்பரில் கனமான கோட்டோடு ஏறி இறங்க வேண்டும். ஊரில் இருந்து அம்மா வந்தால் சேலையோடு ஏறுவார்கள். குனிந்து குழிக்குள் இறங்குகிற மாதிரி கார் என்றால் மூன்றாவது நாளே "நான் வீட்லயே இருக்கேன்டா" என்பார்கள். கதவைத் திறந்து பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்க வருகிறதா பாருங்கள். டிக்கியில் இரண்டு பெரிய பெட்டி நிற்க வேண்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் மடியில் வைத்துக்கொண்டு வருகிற பொருளில்லை.

பிடித்த வண்டியின் நம்பரை அரசாங்க இணையதளத்தில் போட்டால் எந்த வருடம் எம்ஓடி சோதனையில் (வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்தரச் சோதனை) எதற்காகத் தோற்றது என்று இலவசமாகவே காட்டும். அதே நம்பருக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். புதிதாக வருபவர்களுக்கு அது சில சமயம் பழைய வண்டியின் விலையையே தொட்டுவிடும்.